பாலக்கில் பிரித்த பிஎஸ்-2 வினை மையம்: இந்த 5 நானோ விநாடி வால் யாருடையது?

செக்காலை_கீரை:

காரைக்குடியிலிருந்து கேட்கிறேன். தாவரத்தின் ஒளித்தொகுதி 2-இலிருந்து (இனி பிஎஸ்-2) வினை மையத்தை மட்டும், அதாவது டி1, டி2, சைட்டோகுரோம் பி559 என்ற புரதங்கள் சேர்ந்த துண்டைப் பிரித்து, அதன் கிளர்வு நிலை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கப் பார்க்கிறோம். கையில் இருப்பவை: சாதாரண ஃப்ளூரிமீட்டர், திரவ நைட்ரஜனுக்கு விரல் வைத்த கண்ணாடி டிவார், 405 நானோமீட்டர் லேசர் டயோடு பூட்டிய ஒற்றை ஃபோட்டான் எண்ணும் கருவி. டயோடு 40 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது.

செய்முறை: சந்தையில் வாங்கிய பாலக் 250 கிராம். மிக்சியில் அரைத்து தைலக்காய்டு (பச்சையக் கணிகத்தின் உள்சவ்வு) எடுத்து, டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் போட்டு பிஎஸ்-2 சவ்வு. பிறகு 4 சதவீத டிரைட்டனில் ஒரு மணி நேரம் ஐஸில். அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் இல்லாததால் 13,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டி, மேலே தெளிந்ததை டிஇஏஇ (அயனிப் பரிமாற்ற) தூணில் ஏற்றி, தூணின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு கழுவி, உப்புச் சரிவில் இறக்கினோம். டிரைட்டன் கடைசி வரை கூடவே இருக்கிறது.

கிடைத்தது: அறை வெப்பத்தில் சிவப்புப் பீக் 673 நானோமீட்டர். 416-க்கும் 435-க்கும் உள்ள உறிஞ்சல் விகிதம் 1.05 (416 மக்னீசியம் இல்லாத குளோரோபிலான ஃபியோஃபைட்டினுடையது, 435 குளோரோபிலுடையது). 77 கெல்வினில் 435-இல் கிளப்பினால் 684-இல் ஒரு பீக், 674-இல் அதைவிடக் கொஞ்சம் உயரமாக இன்னொன்று. லைஃப்டைம் மூன்று கூறாகப் பிரிகிறது: கருவியின் வேகத்துக்குள்ளேயே முடிந்துபோகும் ஒன்று, 1.2 நானோ விநாடி, 5.1 நானோ விநாடி. கடைசியதுதான் பெரிய பங்கு. பின்புலமும் ஏனோ உயர்ந்து நிற்கிறது. இருட்டு எண்ணிக்கையைப் போல நாலைந்து மடங்கு.

5.1 என்பதை வினை மையத்தின் கிளர்வு நிலை என்று எழுதலாமா? 3 பிகோ விநாடியில் மின்னூட்டம் பிரிகிறது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, அதை இந்தக் கருவியில் பார்க்க வழி உண்டா? சித்திரை வெயிலில் இங்கே அறை 36 டிகிரி. அதுவும் காரணமாக இருக்குமா?

கோட்டையூர்_குவெட்:

எழுதாதீர்கள். 5.1 நானோ விநாடி வினை மையம் இல்லை. புரதத்திலிருந்து கழன்று டிடர்ஜென்ட் மைசெலுக்குள் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் திரண்ட சின்ன உருண்டை) குடியேறிய குளோரோபில். ஈதரிலோ அசிட்டோனிலோ கரைத்த குளோரோபில் ஏ-வை அளந்தாலும் 5 முதல் 6 நானோ விநாடிதான் வரும். உங்கள் 674 பீக்கும் அதே ஆள்தான். குறைந்த விகிதமும் அவரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. மூன்று புகாருக்கும் குற்றவாளி ஒருவரே.

நல்ல வினை மையத்தில் நடப்பது வேறு. இந்த முறையில் பிரித்த துண்டில் குயினோன் ஏ, அதாவது ஃபியோஃபைட்டினுக்கு அடுத்த எலக்ட்ரான் ஏற்பி, இருக்காது. ஒளி பட்டதும் சில பிகோ விநாடியில் பி680 என்ற நடுக் குளோரோபில் ஜோடியின் எலக்ட்ரான் ஃபியோஃபைட்டினுக்குப் போய்விடும், அதற்கப்பால் வழியில்லை. பத்திருபது முதல் ஐம்பது நானோ விநாடி வரை தத்தளித்துவிட்டுத் திரும்பி வரும். அப்படித் திரும்புவதில் ஒரு சிறு பங்கு மறுபடியும் கிளர்வு நிலைக்கே ஏறி ஒளிரும். ஆகவே சுத்தமான மாதிரியில் நீங்கள் காண வேண்டியது இரண்டு: கருவியால் பிடிக்க முடியாத வேகத்தில் விழும் முன்பகுதி, பத்துக்கணக்கான நானோ விநாடிக்கு நீளும் மெலிந்த வால். நடுவே 5-இல் வருவது விருந்தாளி.

அந்த நீண்ட வாலை நீங்கள் பார்க்கவே முடியாதபடி கருவி ஓடுகிறது என்பது வேறு விஷயம். 40 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 25 நானோ விநாடி. 35 நானோ விநாடி வால் இருந்தால் அது அடங்குமுன் அடுத்த துடிப்பு வந்துவிடும். மிச்சம் அடுத்த சன்னலில் போய்ப் படியும். உயர்ந்து நிற்கும் பின்புலம் என்று சொன்னீர்களே, அதில் ஒரு பங்கு இதுதான். துடிப்பை 2 மெகாஹெர்ட்ஸுக்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள், 500 நானோ விநாடி சன்னல் கிடைக்கும். எண்ணிக்கை வேகம் துடிப்பு எண்ணில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 2 மெகாஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 20,000. அதற்கு மேல் போனால் முதலில் வரும் ஃபோட்டானை மட்டுமே கருவி எண்ணும், லைஃப்டைம் பொய்யாகக் குறையும். பொறுமை வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். உமிழ்வுப் பக்கப் போலரைசரை 54.7 டிகிரியில் வையுங்கள். கருவியின் சொந்தத் துடிப்பை எடுக்க லூடாக்ஸ் (ஒளியைச் சிதறடிக்கும் சிலிக்காக் கரைசல்) இல்லையென்றால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் போதும், ஆனால் வடிப்பானை எடுத்துவிட்டு 405-லேயே அளக்க வேண்டும்.

விருந்தாளியை நிரூபிக்க இரண்டு சோதனை.

கிளர்வு ஸ்பெக்ட்ரம் முதலில். 77 கெல்வினில் உமிழ்வை 672-இல் நிறுத்தி 380 முதல் 640 வரை ஓட்டுங்கள். பிறகு உமிழ்வை 688-இல் நிறுத்தி அதையே. இரண்டாவதில் ஃபியோஃபைட்டினின் 416-உம் 542-இல் அதன் சின்ன மேடும் தெரிய வேண்டும். முதலாவதில் 542 மேடு காணாமல், 435 மட்டும் தடித்து நின்றால் அது தனிக் குளோரோபில். பீட்டா கரோட்டினின் 490 பக்கத்துத் தோளும் முதலாவதில் இருக்காது.

அடுத்தது டைதயோனைட். மாதிரியை 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8-க்கு மாற்றி, காற்றை அகற்றி, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சோடியம் டைதயோனைட், 10 மைக்ரோமோலார் மெத்தில் வயோலஜன் போட்டு, சிவப்பு ஒளியில் இரண்டு நிமிடம் வையுங்கள். ஃபியோஃபைட்டின் எலக்ட்ரானை ஏற்று அப்படியே மாட்டிக்கொள்ளும். இனி மின்னூட்டம் பிரிய இடமில்லை, திரும்பி வந்து ஒளிர்வதும் இல்லை, ஆகவே 684-இன் ஒளிர்வு இறங்கும். கழன்ற குளோரோபிலுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. 674 அசையாமல் நிற்கும். பிஎஸ்-2-இல் ஃபியோஃபைட்டின்தான் முதல் ஏற்பி என்று கிளிமோவ் குழு 1977-இல் கண்டதற்கும் இந்த மாதிரிக் குறைப்புச் சோதனைதான் அடிப்படை. பிஎச் 6.5 கரைசலில் இதைச் செய்தால் வேலைக்காகாது, டைதயோனைட்டே கரைசலை அமிலமாக்கும். டப்பாவைத் திறந்து மாதக்கணக்கான பொடி என்றால் செத்துப்போயிருக்கும். புது டப்பாவில் எடுத்து, போடும் நிமிடத்தில் எடை போடுங்கள்.

வேறு என்ன கலந்திருக்கிறது என்பதையும் 77 கெல்வின் ஸ்பெக்ட்ரமே சொல்லும். 695-இல் தோள் எழுந்தால் சிபி47, அதாவது வினை மையத்தை ஒட்டிய ஆன்டெனாப் புரதம், ஒட்டியிருக்கிறது. 735 பக்கம் மேடு எழுந்தால் பிஎஸ்-1, அதாவது ஒளித்தொகுதி 1. 680-இல் கூடி, 475-இல் கிளப்பினால் இன்னும் கூடினால் எல்எச்சிஐஐ, அதாவது குளோரோபில் பி உள்ள அறுவடைப் புரதம். சிவப்புப் பகுதி சரியாகத் தெரிய உங்கள் ஒளிப்பெருக்கிக் குழாய் 700-க்கு மேல் எவ்வளவு குருடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் போடாத ஸ்பெக்ட்ரத்தில் பிஎஸ்-1 இருந்தும் இல்லாதது போலத் தோன்றும்.

மாதிரியின் அடர்த்தியும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் சிவப்புப் பீக்கின் ஓ.டி. (உறிஞ்சல் அளவு) 0.1-ஐத் தாண்டினால் தன் ஒளியைத் தானே விழுங்கும், 684 தேய்ந்து சிவப்புப் பக்கம் சாயும். குளோரோபில் கணக்கில் அது மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் சொச்சம்தான். கண்ணுக்குப் பச்சை தெரிந்தாலே அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடி_ஆச்சி:

தம்பி சொன்னது சரி. ஆனால் ஏன் கழன்றது என்பது இலையிலிருந்தே தொடங்குகிறது.

சந்தையில் பாலக் என்று கட்டுவது ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும் ஸ்பினாச் இல்லை. அது பீட்ரூட் இனம், பீட்டா வல்காரிஸ். ஸ்பினாச் வேறு செடி, ஸ்பினேசியா ஒலெரேசியா. குடும்பம் ஒன்றுதான், வேலை நடக்கும், ஆனால் கட்டுரையில் இருக்கும் விளைச்சலை எதிர்பார்க்காதீர்கள். பசலைக்கீரை என்று கேட்டு வாங்கினால் கொடிப்பசலை வரும். அதன் வழவழப்பு துணியை அடைத்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சி4 வகை. அதில் இரண்டு விதப் பச்சையக் கணிகம் கலந்து வரும், தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

என் யோசனை பட்டாணி நாற்று. முளைத்து 12 முதல் 14 நாள் ஆன இளஞ்செடி. அமிலம் குறைவு, வினை மையம் பிரிக்கப் பலர் பயன்படுத்தும் இலை அதுதான். ஆனால் சித்திரையில் இங்கே வெளியில் வளராது. மார்கழி, தை சரி. மற்ற மாதம் ஏசி அறையில் 20 டிகிரி பக்கம், எல்.ஈ.டி. விளக்கின் கீழ். மளிகைக்கடைப் பச்சைப் பட்டாணியில் சாயம் ஏற்றியது வரும், விதைக்கடையில் வாங்குங்கள்.

பாலக்தான் என்றால் ஆக்சாலிக் அமிலம் எதிரி. அரைத்த நொடியில் சாற்றின் அமிலம் குளோரோபிலின் மக்னீசியத்தைப் பிடுங்கி ஃபியோஃபைட்டின் ஆக்கும். உங்கள் வினை மையத்தில் இருக்க வேண்டியது 6 குளோரோபிலுக்கு 2 ஃபியோஃபைட்டின். இலையிலிருந்தே கள்ள ஃபியோஃபைட்டின் வந்தால் 416 வீங்கி, கழன்ற குளோரோபிலை மறைத்துவிடும். நல்ல மாதிரிக்குரிய 1.2 விகிதம் வந்துவிட்டது என்று குதிக்கும் முன் இதை நினைக்க வேண்டும். ஐயம் இருந்தால் 80 சதவீத அசிட்டோனில் நிறமிகளை இறக்கி எச்பிஎல்சி-யில் (நிறமிகளைப் பிரித்து அளக்கும் கருவி) எண்ணிக்கை பாருங்கள்.

அரைக்கும் கரைசல் லிட்டருக்கு: சுக்ரோஸ் 137 கிராம் (0.4 மோலார்), ஹெப்பிஸ் அல்லது டிரைசின் 50 மில்லிமோலார் பிஎச் 7.8, உப்பு 10, மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார். அஸ்கார்பேட் 5 மில்லிமோலார் அன்றன்று போட வேண்டும், அது போட்டபின் பிஎச்-ஐ மறுபடி பாருங்கள். இந்தக் கரைசலுக்கு மளிகைக்கடைச் சீனியே போதும். கடைசியில் ஸ்பெக்ட்ரம் எடுக்கும் கரைசலுக்கு மட்டும் வேண்டாம், அதில் நீலத்தில் ஒளிரும் மாசு இருக்கும்.

கீரையை விடியற்காலை வாங்குங்கள். வெயில் ஏறிய பின் தண்ணீர் தெளித்துப் பசுமையாக வைத்திருப்பார்கள். தோற்றம் ஏமாற்றும், பிஎஸ்-2 அதற்குள் அடிபட்டிருக்கும். ஈரத்துணியில் சுற்றி, காம்பு நீக்கி, ஓர் இரவு இருட்டில் 4 டிகிரியில் வையுங்கள். அந்த இரவில் ஸ்டார்ச் கரையும். ஸ்டார்ச் மணியோடு சென்ட்ரிஃப்யூஜில் போட்டால் அது பச்சையக் கணிகத்தைக் கிழித்துக்கொண்டு அடியில் போய் வெள்ளைப் புள்ளியாக உட்காரும்; அந்தப் புள்ளி தெரிந்தால் இருட்டு போதவில்லை.

250 கிராமுக்கு முக்கால் லிட்டர் கரைசல், பனிக்கூழாக உறைய வைத்தது. மிக்சியை மூன்று விநாடி வீதம் நாலு முறை தட்டுங்கள், தொடர்ந்து ஓட விடாதீர்கள். மிக்சி சூடு 10 விநாடியிலேயே தெரியும். நாலு மடிப்பு மஸ்லினில் வடித்துப் பிழியாமல் விடுங்கள். பிழிந்தால் நார்ச்சாறும் நொதியும் கூட வரும்.

சுற்றுக் கணக்கைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 13,000 சுற்று என்பது ஒரு எண்ணே இல்லை, ரோட்டரின் ஆரம் தெரியாதவரை. 8 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 15,100 ஜி (புவியீர்ப்பின் மடங்கு). பிஎஸ்-2 சவ்வைப் படிய வைக்கவே 40,000 ஜி வேண்டும். அதே ஆரத்துக்கு 21,100 சுற்று. 4 சதவீத டிரைட்டனுக்குப் பிறகு தேவைப்படுவது 100,000 ஜி, ஒரு மணி நேரம். 15,000-இல் நிறுத்தினால் கரையாத சவ்வுத் துண்டுகள் தெளிவோடு தூணில் ஏறி, கழுவும்போது மெல்ல மெல்லக் கரைந்து நிறமியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒரு சுற்றுக்காவது அல்ட்ரா இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள். வழியே இல்லையென்றால் 40,000 ஜி-யில் இரண்டு மணி நேரம், பிறகு 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி. மட்டமான மாற்றுதான், ஆனால் இப்போது செய்வதைவிடத் தேவலை. மின்சாரம் போய் ரோட்டர் தானாக நின்றால் படிந்தது தளர்ந்து கலங்கும். கலங்கியதை ஊற்றி எடுக்காமல் மறுபடி முழு நேரமும் ஓட்டுங்கள்.

முதல் டிரைட்டன் கட்டம், பிபிஒய் என்பார்கள், பெர்த்தோல்டு, பாப்காக், யோகம் 1981-இல் சொன்னது. ஒரு மில்லிகிராம் குளோரோபிலுக்கு 25 மில்லிகிராம் டிரைட்டன், பிஎச் 6.0 முதல் 6.5, ஐஸில் இருட்டில் 20-30 நிமிடம். இங்கே குளோரோபிலைத் தப்பாக அளந்தால் அதற்குப் பின் எல்லாம் தப்பு. 80 சதவீத அசிட்டோனில், மொத்த குளோரோபில் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராமில் = 17.76 × (646.6-இல் ஓ.டி.) + 7.34 × (663.6-இல் ஓ.டி.). இரண்டு இலக்கத்திலிருந்தும் 750-இன் ஓ.டி.யைக் கழித்துவிட்டுப் போடுங்கள். ஏ-பி விகிதம் தைலக்காய்டில் 3 பக்கம் இருந்து, பிஎஸ்-2 சவ்வில் 2 பக்கம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிஎஸ்-1 போகவில்லை, தூணுக்குப் போகாதீர்கள்.

தூணில்தான் உங்கள் வினை மையம் செத்தது. நன்பாவும் சட்டோவும் 1987-இல் இதை முதலில் பிரித்ததும் டிரைட்டனில்தான், ஆனால் டிரைட்டனில் அது நிலைப்பதில்லை. மற்ற புரதங்களைக் கழற்ற டிரைட்டன் வேண்டும், வேலை முடிந்ததும் உடனே அதை வெளியேற்ற வேண்டும். 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 7.2, உப்பு 30 மில்லிமோலார், டிரைட்டன் 0.2 சதவீதம் விட்டுக் கழுவுங்கள். மூன்று மடங்கு என்பது வாய் கொப்பளிப்பது. வடிவது முழுக்க நிறமற்றுப் போய், 416-435 விகிதம் ஏறி நிற்கும்வரை. பிறகு தூணில் இருக்கும்போதே டிரைட்டனை நிறுத்தி, டோடெசில் மால்ட்டோசைடு (மென்மையான டிடர்ஜென்ட்) 0.03 சதவீதம் உள்ள கரைசலில் ஐந்து மடங்கு கழுவி, அதே டிடர்ஜென்ட்டில் உப்புச் சரிவு. உச்சம் 100 மில்லிமோலார் உப்புப் பக்கம் இறங்கும். 0.03 என்பது அதன் மைசெல் அளவான 0.009-ஐப் போல மூன்று மடங்கு. இதற்குக் கீழே போனால் புரதம் திரளும். டிரைட்டன் போய்விட்டதா என்று 275-இல் பார்க்கலாம், அதன் பென்சீன் வளையம் அங்கே உறிஞ்சும்.

36 டிகிரி பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், காரணம்தான். தூணைக் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டிக்குள் நிறுத்துங்கள், குழாய் மட்டும் வெளியே வரட்டும். விளக்குக்குப் பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றுவார்கள். அந்தத் தாள் பல சமயம் அடர் சிவப்பைத் தாராளமாக விடும். 525 நானோமீட்டர் பச்சை எல்.ஈ.டி.யே மேல்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: பிஎஸ்-2 சவ்வில் ஒரு வினை மையத்துக்குச் சுமார் 250 குளோரோபில். வினை மையத்தில் 6. ஆக 100 மில்லிகிராம் குளோரோபிலில் தொடங்கினால் உச்ச வரம்பே 2.4 மில்லிகிராம். கையில் அதில் நாலில் ஒரு பங்கு வந்தால் திருப்திப்படலாம். ஏழெட்டு மில்லிகிராம் வந்தால் மகிழ வேண்டாம், சிபி47 கூட வந்திருக்கிறது.

செக்காலை_கீரை:

அண்ணே, ஆச்சி, நன்றி. கிளர்வு ஸ்பெக்ட்ரம் எடுத்தேன், 672-இல் நிறுத்தியதில் 542 மேடு இல்லவே இல்லை. துடிப்பை 2.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் பின்புலம் விழுந்தது, 5-க்குப் பின்னால் மெலிசாக ஒரு நீளமான கூறும் வருகிறது.

காற்றை அகற்ற நைட்ரஜனைக் குமிழியாக விடலாமா? மற்றபடி அந்த 3 பிகோ விநாடிக் கேள்வி இன்னும் நிற்கிறது.

ரஸ்தா_680:

3 பிகோ விநாடிக்கு வருகிறேன். உங்கள் கருவியின் சொந்தத் துடிப்பே எப்படியும் ஐம்பது, நூறு பிகோ விநாடி அகலம் இருக்கும். படியளக்கும் மரக்காலால் குந்துமணி நிறுக்க முடியாது. இதற்கு ஃபெம்டோ விநாடி பம்ப்-புரோப் (ஒரு துடிப்பால் கிளப்பி, சற்றுப் பின்னால் வரும் இன்னொன்றால் பார்க்கும் முறை) வேண்டும். சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிய அதிவேக நிகழ்வுகள் மையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். ஆனால் போகும் முன் அந்த 3 என்ற எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

வாசிலெவ்ஸ்கி, ஜான்சன், சைபர்ட், கோவிந்ஜி 1989-இல் 3 பிகோ விநாடி என்று அளந்தார்கள். சில ஆண்டு கழித்து லண்டன் குழு அதே துண்டில் 21 பிகோ விநாடி என்றது. ஏழு மடங்கு வித்தியாசம், இரண்டு பக்கமும் அளவு சரி. காரணம் பி680-இன் சுபாவம். ஊதா பாக்டீரியாவில் சிறப்பு ஜோடி 870-இல், மற்ற நிறமிகளைவிட நன்றாகக் கீழே தனியாக நிற்கும். கிளர்ச்சி நேராக அங்கே வந்து உட்காரும். தாவரத்தில் ஆறு நடு நிறமிகளும் பத்துப் பதினைந்து நானோமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. அறை வெப்பத்தில் எல்லாம் கலந்து 675-676-இல் ஒரே மேடு. 77 கெல்வினில்தான் 671, 680 என்று இரண்டாகப் பிளக்கும். கிளர்ச்சி ஒன்றில் தங்காமல் இவற்றிடையே பகிர்ந்து அலையும். போதாததற்கு ஓரத்தில் இரண்டு குளோரோபில்கள் தள்ளி நிற்கின்றன. அவற்றில் விழுந்த கிளர்ச்சி நடுவுக்கு வந்து சேரவே பத்திருபது பிகோ விநாடி ஆகும். 21-இல் பெரும்பங்கு இந்தப் பயண நேரம். நடுவிலேயே விழுந்த கிளர்ச்சி ஒன்றிரண்டு, மூன்று பிகோ விநாடியில் பிரிந்துவிடும். எந்த நிறத்தில் கிளப்பினீர்கள் என்பதைப் பொறுத்து எந்தக் கூறு தூக்கலாகத் தெரியும் என்பது மாறும்.

அப்புறம், எலக்ட்ரானை முதலில் விடுவது பி680 ஜோடி என்று பழைய பாடப்புத்தகம் போடும். 2005-06 வாக்கில் குரூட் குழுவும் ஹோல்ஸ்வார்த் குழுவும் டி1 பக்கத்துத் துணைக் குளோரோபில்தான் முதலில் விடுகிறது என்று காட்டினார்கள். புரதம் அந்தக் கணத்தில் எப்படி நெளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வழியும் நடக்கிறது என்று 2010-இல் ரொமேரோவும் வான் குரோண்டெல்லும் சொன்னார்கள். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. ஆகவே உங்கள் அறிக்கையில் ஒற்றை எண் எழுதாமல், எந்த அலைநீளத்தில் கிளப்பி எந்த அலைநீளத்தில் பார்த்தது என்பதோடு எழுதுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: 543-545-இல் ஃபியோஃபைட்டின் வெளுப்பது, 460 பக்கம் அதன் எதிரயனி எழுவது, 680-இல் மொத்த வெளுப்பு. 680-இல் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கிளர்ந்த நிலையும் பிரிந்த நிலையும் அங்கே ஏறத்தாழ ஒரே அளவு வெளுப்பைத்தான் காட்டும். 545 சின்ன சிக்னல், ஆனால் ஃபியோஃபைட்டினுக்கு மட்டும் சொந்தம்.

பம்ப் சக்தியைக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். வினை மையத்தின் மோலார் உறிஞ்சலைச் சிவப்பில் தோராயமாக 4.5 லட்சம் என்று வைத்தால், பத்தில் ஒரு மையம் கிளர 680-இல் சதுர சென்டிமீட்டருக்கு 17 மைக்ரோ ஜூல். 200 மைக்ரோமீட்டர் விட்டப் புள்ளிக்கு 5 நானோ ஜூல் சொச்சம். அவ்வளவுதான். சிக்னல் தெரியவில்லை என்று 50 நானோ ஜூல் ஏற்றினால் ஒரே மையத்தில் இரண்டு கிளர்ச்சி விழுந்து ஒன்றையொன்று அழிக்கும். அழகான ஒரு பிகோ விநாடிக் கூறு கிடைக்கும், அது பொய். பாதிச் சக்தியில் மறுபடி ஓட்டுங்கள். காலங்கள் மாறாமல் சிக்னல் மட்டும் பாதியானால் நிம்மதி.

மாதிரி: ஒரு மில்லிமீட்டர் செல்லில் 676-இல் ஓ.டி. 0.4, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் குளோரோபில். ஒரு மில்லிலிட்டர் போதும்.

ஆக்சிஜன்தான் சங்கடம். திரும்பி வரும் எலக்ட்ரான்களில் அறை வெப்பத்திலேயே சுமார் 30 சதவீதம் பி680-இன் டிரிப்லெட்டாக (நீண்ட நேரம் நிற்கும் கிளர்வு நிலை) முடியும். காற்றில் அது சுமார் 30 மைக்ரோ விநாடியில் தணியும், ஆனால் தணிப்பது ஆக்சிஜன். அதனால் பிறக்கும் சிங்லெட் ஆக்சிஜன் அதே மையத்தைத் தின்னும். காற்றை அகற்றினால் மையம் பிழைக்கும், டிரிப்லெட் ஒரு மில்லி விநாடி உட்கார்ந்திருக்கும். லேசர் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் அடுத்த துடிப்பும் ஒரு மில்லி விநாடியில்தான். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஒவ்வொரு துடிப்பும் முந்தையதின் டிரிப்லெட் மேல் விழும். ஆகவே காற்றையும் அகற்ற வேண்டும், செல்லையும் சுழற்றவோ நகர்த்தவோ வேண்டும். கரோட்டின் இருக்கிறதே, டிரிப்லெட்டை அது தணிக்காதா என்று கேட்பார்கள். அறுவடைப் புரதத்தில் தணிக்கும். இங்கே கரோட்டினைப் பக்கத்தில் வைத்தால் பி680-இன் நேரயனி அதையே எரித்துவிடும், அவ்வளவு வலுவான ஆக்சிஜனேற்றி. அதனால்தான் அது எட்டவே நிற்கிறது, தணிக்கவும் முடிவதில்லை.

ஆத்தங்குடி_ஆச்சி:

குமிழி விடாதீர்கள். டோடெசில் மால்ட்டோசைடு மோர் கடைந்தது போல் நுரைக்கும், நுரையின் விளிம்பில் புரதம் விரிந்து கெடும். கரைசலின் மேற்பரப்பில் மட்டும் நைட்ரஜனை வீசி, ஐஸில் மெல்லக் கலக்கி இருபது நிமிடம். அல்லது குளுக்கோஸ் 10 மில்லிமோலார், குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் மூன்றும் சேர்த்து மூடிவிடுங்கள். கேட்டலேஸை விட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு தங்கும். குளுக்கோனிக் அமிலமும் உருவாகிக்கொண்டே இருக்கும் என்பதால் கரைசலில் பஃபர் 50 மில்லிமோலார் இருக்கட்டும். கேட்டலேஸில் ஹீம் உண்டு, 405-இல் உறிஞ்சும். வெறும் நொதிக் கரைசலுக்கு ஒரு பின்புல ஸ்பெக்ட்ரம் எடுத்து வையுங்கள்.

செக்காலை_கீரை:

சரிங்க ஆச்சி. 77 கெல்வினில் குவெட் வெடிக்கிறது, அதற்கும், மாதிரியைச் சென்னைக்கு எடுத்துப் போவதற்கும் ஒரு வரி சொன்னால் போதும்.

கோட்டையூர்_குவெட்:

வெடிப்பது குவார்ட்ஸ் குவெட்டாக இருக்கும். உமிழ்வுக்கு 5 மில்லிமீட்டர் என்எம்ஆர் குழாய் போதும், வேதியியல் துறையில் கேட்டால் கிடைக்கும். ஓரம் விண்டதைக்கூட வெட்டிப் பயன்படுத்தலாம். உறிஞ்சலுக்குத் தூக்கிப்போடும் அக்ரிலிக் குவெட். கிளிசராலை 66 சதவீதம் சேர்த்தால் கண்ணாடி போல் உறையும், குறைந்தால் வெள்ளையாகப் பூத்து ஒளியைச் சிதறடிக்கும். குளிர்ந்த கிளிசராலைக் குளிர்ந்த மாதிரியில் மெல்லச் சுழற்றிக் கலக்கவும், பைப்பெட்டால் ஊதிக் குமிழி ஏற்ற வேண்டாம். டிவாரின் வெளிச்சுவரில் ஐப்பசி மழைக்காலத்தில் பனி பூக்கும். உலர்ந்த நைட்ரஜனை அதன்மேல் வீச விடுங்கள். திரவ நைட்ரஜனில் பனித்துகள் மிதந்தால் அதுவும் சிதறலே, துணியில் வடித்து ஊற்றுங்கள்.

சென்னை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சுத்தமான பகுதியை 200 மைக்ரோலிட்டர் வீதம் சின்னக் குப்பிகளில் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென உறைய வைத்து, நைட்ரஜனை உறிஞ்சிவைத்த உலர் கலத்தில் கொண்டு போங்கள். மூடியை இறுக்கித் திருகாமல், காரின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி. அங்கே இருட்டில் ஐஸின் மேல் உருக விடுங்கள், ஒரு முறைதான். உருகியதும் முதல் வேலையாக உறிஞ்சல் ஸ்பெக்ட்ரம்: கிளம்பும்போது 675.5 இருந்தது 674-க்குக் கீழே நகர்ந்திருந்தால் அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு அடுத்ததை உடையுங்கள். லேசர் ஓட்டம் முடிந்த பின்னும் அதே குப்பிக்கு ஸ்பெக்ட்ரம் எடுத்து, முன்னதன் மேல் வைத்துப் பாருங்கள். 680 பக்கத் தோள் கரைந்திருந்தால் கடைசி அரை மணி நேரத் தரவு எடுபடாது.